ஒரு டாலர் ஒப்பந்தமும் ஒன்பது பெண்களும்: கேள்வி பதில்

பெண்கள் டென்னிஸ் தனித்தொழிலாக எழுந்து நின்ற கதையைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அக்கா, 1970இல் ஒரு டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்களாமே, அது வெறும் விளம்பரமா?

பதில்: இல்லை தங்கச்சி, அதில் அவர்களுடைய பிழைப்பே அடங்கியிருந்தது. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஜாக் கிரேமர் நடத்தவிருந்த போட்டியில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500. கேட்டுப் பார்த்தும் அவர் இறங்கிவரவில்லை. 'வேர்ல்ட் டென்னிஸ்' இதழை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மன் உடனே ஹூஸ்டனில் பெண்களுக்கென்று தனிப்போட்டி ஏற்பாடு செய்தார். ஆடினால் இடைநீக்கம் என்று அமெரிக்க டென்னிஸ் சங்கம் மிரட்டியது. செப்டம்பர் 23 அன்று பில்லி ஜீன் கிங், ரோசி காசல்ஸ், நான்சி ரிச்சி உட்பட ஒன்பது பேர் ஹெல்ட்மனிடம் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு ஒப்பந்த ஆட்டக்காரர்கள் ஆனார்கள். கிளாடிஸின் மகள் ஜூலிக்கு அப்போது காயம். ஆட முடியாத நிலையிலும் தோழிகளுக்காகக் கையெழுத்திட்டார். அந்த ஒரு கையெழுத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

கேள்வி (பள்ளி உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு): அந்தப் போட்டிக்கு வந்த பணம் சிகரெட் கம்பெனியுடையதுதானே மேடம்?

பதில்: ஆமாம் சார். பெண்களைக் குறிவைத்தே விற்ற வர்ஜினியா ஸ்லிம்ஸ். அதன் தாய் நிறுவனமான பிலிப் மாரிஸின் தலைவர் ஜோ கல்மன், ஹெல்ட்மனின் நண்பர். பந்தயத்தை அந்தப் பணம்தான் நிலைநிறுத்தியது. அதே பணம் பெண்களின் கையில் சிகரெட்டையும் கொடுத்தது. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (விளையாட்டுப் பொருள் கடைக்காரர், சேலம்): தொழில் நடத்துவதில் பெண்களின் பாணியே தனி என்கிறார்களே?

பதில்: பிறவிக் குணம் என்று நான் நம்பவில்லை அண்ணா. சூழல்தான் அப்படிப் பழக்குகிறது. கடன் கேட்டுப் போகும் பெண்ணிடம் கணவர் கையெழுத்தை அமெரிக்க வங்கிகள் கேட்ட காலம் அது. பாலின பேதம் பார்த்துக் கடன் மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 1974இல்தான் வந்தது. தனியாளாக முதல் போட வழியில்லாதபோது நட்டத்தையும் சேர்ந்தே சுமக்கப் பழகினார்கள். தங்கள் ஆட்டத்துக்குத் தாங்களே டிக்கெட் விற்றார்கள்.

கிங்கின் வியாபார சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். 1972 அமெரிக்க ஓப்பனில் அவர் பெற்ற பரிசு, ஆண் சாம்பியன் நஸ்டாஸேவின் பரிசைவிட 15,000 டாலர் குறைவு. சமமாகத் தராவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்று அறிவித்தார். அதோடு நிற்காமல், வித்தியாசத் தொகையைத் தரும் விளம்பரதாரரையும் தேடிப்பிடித்தார். 1973இல் சமப்பரிசு வந்தது. விம்பிள்டன் அதே முடிவுக்கு வர 2007 ஆயிற்று.

கேள்வி (சென்னை வாசகர்): நம் ஊருக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 1973 ஜூனில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் கிங் கூட்டிய கூட்டத்தில் பிறந்த டபிள்யூடிஏ என்ற பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் போட்டிதான் 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்தது. பட்டம் வென்ற லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு அப்போது வயது 17.