மார்கழிக் குளிரில் தொட்டி எலுமிச்சை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மொட்டைமாடியில் எட்டு அங்குலத் தொட்டியில் ஒரு வயது எலுமிச்சைக் கன்று வைத்திருக்கிறேன். டிசம்பர் பிறந்ததிலிருந்து குருத்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உரக்கடையில் யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: போடாதீர்கள். யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முற்றிய இலைதான். அதுவும் நரம்போடு சேர்ந்து வெளுக்கும். குருத்தில் நரம்பு பச்சையாக நின்று நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்து இலைக்குப் போகவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருக்கும். வேரால் எடுக்க முடியாது. வேர் மண்டலம் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் எலுமிச்சை இனச் செடிகளின் வளர்ச்சி நின்றுவிடும். தரையில் நட்ட மரத்துக்கு ஆழத்து மண் கதகதப்பாக இருக்கும். தொட்டி மண் இரவுக் குளிரை நாலு பக்கமும் வாங்குகிறது. காலையில் வெயில் இலையில் ஏறும், வேர் இன்னும் விழித்திருக்காது. பல கன்றுகள் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பது இதனால்தான்.

இதன் மேல் யூரியா போட்டால், எடுத்துக்கொள்ள ஆளில்லாத உப்பாக மண்ணில் தங்கி வேர்நுனியைக் கருக்கும். வேர் தப்பினாலும் குளிரில் நோஞ்சான் குருத்து கிளம்பும். கடைசி உரம் அக்டோபரோடு சரி. அடுத்தது பிப்ரவரிக் கடைசியில்.

இப்போது செய்ய வேண்டியது தண்ணீரைக் குறைப்பது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. எட்டு அங்குலத் தொட்டிக்கு மார்கழியில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை, அடித்துளை வழியே கசியும் வரை ஒரே தடவையாக ஊற்றினால் போதும். தினமும் அரை டம்ளர் ஊற்றும் பழக்கம்தான் கன்றைக் கொல்கிறது: மேலே நனைந்துகொண்டே இருக்கும், அடிவேருக்கு எதுவும் போகாது. வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு ஊற்றுங்கள், மாலையில் வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

வெளுப்பு அதிகமாக இருந்தால் செலேட் வடிவ இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும்படி பிணைத்த இரும்பு உரம்) லிட்டருக்கு 1 கிராம் கலந்து, வெயில் தணிந்த நேரத்தில் இலையில் தெளிக்கலாம். 15 நாள் கழித்து இன்னொரு முறை. மாசியில் மண் சூடேறியதும் புதுக்குருத்து பச்சையாக வந்தால் குளிர்தான் காரணம். அப்போதும் வெளுத்தே வந்தால் சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ஊட்டியில் எலுமிச்சைக் கன்றை வெளியே வைத்து உறைபனியிலிருந்து காப்பாற்ற முடியுமா? பாலித்தீன் கவர் போட்டும் கருகிவிட்டது.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: பாலித்தீன் இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகியிருக்கும், பாருங்கள். இலையின் சூட்டை அது பிடித்துவைப்பதில்லை. ஒட்டிய இடத்தில் குளிரை நேராகக் கடத்துகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் உறைபனி விழும். தரையும் இலையும் தங்கள் சூட்டைத் திறந்த வானத்துக்கு இழந்துவிடுகின்றன. செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஏதாவது இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அதனால் போர்வையைவிடக் கூரை நீட்டம் மேல்.

தொட்டியைத் தெற்குப் பார்த்த சுவரோடு ஒட்டி, கூரை நீட்டத்துக்குக் கீழே வையுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தச் சுவருக்குப் பகலெல்லாம் வெயில் கிடைக்கும். அந்தச் சூட்டை அது இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். எனவே தரையில் வைக்காமல் இரண்டு, மூன்று அடி உயரத்தில் வையுங்கள். மூட வேண்டுமென்றால் நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் சாக்கைப் போர்த்தி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். மண் காய்ந்திருந்தால் முதல் நாள் நண்பகலில் நனையுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் சேர்த்துவைக்கும்.

கருகிய கிளையை இப்போதே வெட்ட வேண்டாம். எதுவரை செத்தது என்பது மார்ச்சில் துளிர் வரும்போதுதான் தெரியும். நேராகச் சொன்னால், ஊட்டிக்கு எலுமிச்சை சரியான தேர்வல்ல. இந்த இனத்தில் குளிருக்கு முதலில் விழுபவை எலுமிச்சையும் கிடாரங்காயும்தான். கமலா ஆரஞ்சு அவற்றைவிடத் தாங்கும்.

கேள்வி: கார்த்திகையில் போட்ட விதை ஐந்து வாரமாகியும் முளைக்கவில்லை. சென்ற வருடம் ஒரே விதையிலிருந்து மூன்று முளை வந்தது. எதை வைத்துக்கொள்வது?
– வாசகி, ஏற்காடு

பதில்: 25 டிகிரிக்கு மேல் இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கிற விதை, குளிர்ந்த மண்ணில் ஏழெட்டு வாரம்கூட எடுக்கும். காயவைத்த விதையாக இருந்தால் காத்திருப்பது வீண். எலுமிச்சை விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழத்திலிருந்து எடுத்ததும் வழவழப்பு போகக் கழுவி, அன்றைக்கே அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரைக் கூட்டினால் முளை தண்டடியில் அழுகிச் சாயும். விதைச் சட்டிக்கு வெறும் தேங்காய் நார்க்கழிவு இந்தப் பருவத்தில் ஆகாது, ஈரத்தைவிடாது. செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும்.

ஒரு விதையில் பல முளை வருவது எலுமிச்சையின் இயல்பு. அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் நகலாகவே வளரும். கலப்பில் பிறந்தது பெரும்பாலும் நோஞ்சானாக இருக்கும். தடித்த முளையை வைத்துக்கொள்ளுங்கள். பம்பளிமாஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் விதையில் ஒரு முளைதான், அது தாயைப்போல வர வேண்டுமென்பதில்லை. விதைக்கன்று காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு முன் பெரிய தொட்டிக்கு மாற்றலாமா? இளம் இலையில் வெள்ளிக்கோடு போட்டதுபோல் சுருளுகிறதே?
– வாசகர், குன்னூர்

பதில்: மாற்றாதீர்கள். புது மண்ணுக்குள் வேர் போகாத காலத்தில் அந்த மண் வெறுமனே ஈரமாகக் கிடந்து புளித்துப்போகும். பிப்ரவரிக் கடைசிக்குப் பிறகு, ஆறு அங்குலத்திலிருந்து எட்டு அல்லது பத்துக்கு மாற்றலாம். நேராகப் பதினாறுக்குத் தாவ வேண்டாம்.

வெள்ளிக்கோடு இலைத்துளைப்பான் புழுவின் வேலை. அது இலைத்தோலுக்குள் இருப்பதால் மேலே எதைத் தெளித்தாலும் முழுதாகப் படாது. புதுத்துளிர் விரல்நீளம் வரும்போதே, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சில சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் வாரம் ஒருமுறை தெளியுங்கள். சுருண்ட இலையைக் கிள்ளி எறிய வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சைதான் கன்றுக்கு இப்போது சோறு.