இரண்டு யுபிஎஸ் இருந்தும் சர்வர்கள் அணைந்தது ஏன்?

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலைகளின் கணக்குகளைப் பராமரிக்கும் எங்கள் சிறு நிறுவனத்தில் 24 சர்வர்களும், தலா 10 கிலோவாட் தாங்கும் இரண்டு யுபிஎஸ்களும் உள்ளன. ஒவ்வொரு சர்வரும் இரண்டிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறது. ஐப்பசி மழையிரவு ஒன்றில், தரவுகளை நகலெடுக்கும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு யுபிஎஸ் பழுதாகி நின்றது. சில நிமிடங்களில் மற்றதும் அணைந்துவிட்டது. அதுவரை இரண்டும் 55 சதவீதச் சுமையையே காட்டின. சர்வர் ஒவ்வொன்றுக்கும் 400 வாட் உச்சவரம்பு வைத்தால் போதுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: உங்களை ஏமாற்றியது அந்த 55தான். ஒன்று நின்றதும் அதன் 5.5 கிலோவாட்டும் மற்றதன்மேல் ஏறி, மொத்தம் 11 கிலோவாட் ஆகிவிட்டது. மிகைச்சுமையை யுபிஎஸ் சிறிது நேரமே பொறுக்கும். சுமை கூடக்கூட அந்த நேரமும் சுருங்கும். ஆகவே உங்கள் கையிருப்பு 20 அல்ல, 10 கிலோவாட்தான். அளந்து கட்டுப்படுத்தச் சில நொடிகள் ஆகும் என்பதால், 8.5 கிலோவாட்டை வரம்பாகக் கொள்வதே நல்லது.

அனைத்துக்கும் 400 வாட் என்றால் 9.6 கிலோவாட் ஆகிறது. அதைவிடப் பெரிய குறை, பகலில் பல சர்வர்கள் சும்மா இருக்கும்போதும், கணக்குத் தரவுத்தளம் உள்ள சர்வர்கள் 400 வாட்டில் முட்டிக்கொண்டு திணறும். வரம்பைத் தனித்தனியே அல்லாமல் தொகுப்புக்கு வையுங்கள். தரவுத்தளத்துக்கு 6 சர்வர்கள் என்று கொண்டால், அவற்றுக்குத் தலா 480 வாட் விட்டுவைத்து, எஞ்சிய பதினெட்டையும் தேவைப்படும்போது மட்டும் 310 வாட்டுக்கு இறக்கினால், மொத்தம் 8.46 கிலோவாட்டில் நிற்கும். பேக்கப் சற்றுத் தாமதமாக முடியும். அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஃபேஸ்புக் நிறுவனம் 2016-இல் விவரித்த டைனமோ என்ற மின்சுமைக் கட்டுப்பாட்டு அமைப்பும், முக்கியத்துவம் குறைந்த சர்வர்களையே முதலில் இறக்குகிறது.

உச்சவரம்பு வைக்கும்போது செயலியின் வேகத்தோடு மின்னழுத்தமும் இறங்குவதால், வேகம் குறைவதைவிட மின்செலவு அதிகமாகக் குறையும். ஆனால் நினைவகமும் விசிறியும் எடுப்பதை இப்படிக் குறைக்க முடியாது. குன்னூர்க் குளிரை மட்டும் நம்பாதீர்கள்: 1,850 மீட்டர் உயரத்தில் மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும் என்பதால், விசிறிகள் கூடுதல் வேகத்தில் சுழல நேரும்.

இந்த வரம்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் மென்பொருளின் தொடர்பு அறுந்தால், ஒவ்வொரு சர்வரும் தானாகவே 350 வாட்டுக்கு இறங்கும்படி அமையுங்கள். பிறகு ஒரு ஞாயிறு பிற்பகலில், பேக்கப்பை ஓடவிட்டு, ஒரு யுபிஎஸ்ஸை நீங்களே நிறுத்தி, மற்றதன் திரையைக் கவனியுங்கள். எண் 85-ஐத் தாண்டினால் அந்தப் பதினெட்டின் வரம்பை மேலும் இறக்குங்கள்.