பின்னேரமானால் தமிழ் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: எனக்கு 46 வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நாள் முழுவதும் வாடிக்கையாளர்களோடு சிங்களம், மேலதிகாரிகளோடு ஆங்கிலம். பின்னேரம் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால் மகள் பேசுவது காதில் விழுகிறது. ஆனால் இரண்டாம் தடவை சொன்னால்தான் விளங்குகிறது. சாதாரணத் தமிழ்ச் சொல்லுக்கே திணறுகிறேன், சிங்களச் சொல் முந்திக்கொள்கிறது. அம்மாவுக்கு 75 வயதுக்குப் பிறகு மறதிநோய் வந்தது. எனக்கும் தொடங்கிவிட்டதா? கைத்தொலைபேசியில் வரும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளுக்குப் பணம் கட்டலாமா?

பதில்: பணம் கட்ட வேண்டாம். 2010இல் பிரித்தானியாவில் 11,430 பேரை ஆறு வாரம் இப்படி விளையாட வைத்துப் பார்த்தார்கள். விளையாடிய விளையாட்டில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். வேறு எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

அடுத்தது பயம். இந்தச் சிக்கல் பின்னேரத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு காலை, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் இப்படியா? அதைக் கவனியுங்கள். ஓய்வெடுத்தால் சரியாகிவிடுவது பெரும்பாலும் களைப்பின் குணம்.

எது களைக்கிறது என்று கேட்டால், மொழியறிவு அல்ல. இந்த வாக்கியத்தை மெதுவாகப் படியுங்கள்: ‘அம்மா மகனைத் திட்டிய ஆசிரியரைத் தேடிப் போனாள்.’ ‘திட்டிய’ வரை வந்தபோது, திட்டியது அம்மா என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ‘ஆசிரியரை’ வந்ததும் அந்தக் கணக்கை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியிருக்கிறது. சொற்களுக்குப் பொருள் கொடுப்பதில் இடது பொட்டுப்புற மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அது மிக வேகமாக நடக்கும். வாக்கியத்தோடு ஒட்டாத ஒரு சொல் வந்தால் நொடியின் பத்தில் நான்கு பங்குக்குள் மூளையின் மின்னலையில் அது தெரிந்துவிடும். ஆனால் முதலில் பிடித்த பொருளைக் கைவிட்டு இன்னொன்றை எடுப்பது வேறு வேலை. அங்கே இடது முன்மூளையின் கீழ்ப்பகுதி உழைக்கிறது. 1861இல் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர் பேச்சிழந்த ஒருவரின் மூளையில் சிதைந்திருக்கக் கண்டது அந்த வட்டாரத்தைத்தான். நெடுங்காலம் அதைப் பேசுவதற்கான இடம் என்றே சொல்லிவந்தார்கள். போட்டியிடும் பொருள்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பது பின்னால் தெரிந்தது.

உங்கள் தலைக்குள் போட்டி பொருள்களுக்கு இடையில் மட்டுமல்ல, மூன்று மொழிகளுக்கு இடையிலும் நடக்கிறது. சிங்களம் பேசும்போது தமிழ் தூங்கிவிடுவதில்லை. அதுவும் விழித்தே இருக்கிறது. மூளை அதை அடக்கி வைக்கிறது. 1999இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் இருமொழிக்காரர்களை எண்களை மாறி மாறி இரு மொழிகளிலும் சொல்லச் சொன்னார்கள். பழக்கம் குறைந்த மொழிக்குத் தாவுவதைவிட, நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்பத்தான் அதிக நேரம் பிடித்தது. பலமான மொழியை அமுக்கப் பலமாக அழுத்த வேண்டும், அழுத்தியது உடனே நிமிராது என்பது அவர்கள் தந்த விளக்கம். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதற்கு ஒத்துவரவில்லை. ஆய்வுகூடத்தில் அது நொடியின் சிறு துண்டுதான் என்பதும் உண்மை. ஆனாலும் நாள் முழுவதும் தமிழை அடக்கி வைத்தவருக்குப் பின்னேரத்தில் சிங்களச் சொல் முந்துவது எனக்கு வியப்பாக இல்லை. தமிழ் உங்களுக்குக் குறைந்துபோனதற்கான அடையாளமாக நான் இதைப் பார்க்கவில்லை.

இதற்கு மேல் காலி வீதிப் பஸ் பயணம் வேறு. 100, 101 இலக்க பஸ்ஸில் ஹோர்ன் சத்தத்துக்கும் பாட்டுக்கும் நடுவே ஒருவர் சொல்வதைப் பிடிக்க முயன்றால், அதே முன்மூளைப் பகுதிகளையே கூடுதலாக வேலை வாங்குகிறோம். அந்த வேலையை முடித்துக்கொண்டு வந்தவரிடம், தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது சமையலறைக்கு வெளியிலிருந்து மகள் மூன்று விடயங்களை ஒரே மூச்சில் சொன்னால் யாருக்குத்தான் விளங்கும்?

வந்தவுடன் அரை மணி நேரம் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இல்லாமல் இருங்கள். முக்கியமானதை மகள் முகம் பார்த்துச் சொல்லட்டும். சொல் வராவிட்டால் சிங்களச் சொல்லையே போட்டுப் பேசிவிட்டுப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் யார்தான் அப்படிப் பேசவில்லை?

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: கேட்டல் பரிசோதனை. ‘சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை’ என்பது செவித்திறன் குறையத் தொடங்கியவர்கள் வழமையாகச் சொல்லும் முறைப்பாடு. உயர் சுருதி ஒலிகள் முதலில் மங்குவதால் குரல் கேட்கும், ச, த போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். மிச்சத்தை ஊகித்து நிரப்புவது மறுபடியும் முன்மூளையின் தலையில்தான் விழுகிறது. காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுங்கள். அப்படியே தைரொயிட், விற்றமின் பி12, இரத்தச்சோகை ஆகியவற்றுக்கும் இரத்தம் பரிசோதிப்பது நல்லது. மாதவிடாய் நிற்கப்போகும் வயதிலும் பல பெண்களுக்குச் சொல் தடுமாற்றமும் கவனக் குறைவும் வருவதுண்டு; வைத்தியரிடம் அதையும் கேளுங்கள்.

தாய்க்கு முதுமையில் வந்த மறதிநோய் உங்கள் வாய்ப்பை ஓரளவு கூட்டலாம். அதற்காக 46இலேயே தொடங்கிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. பல மொழி தெரிந்தால் மறதிநோய் தள்ளிப்போகும் என்று சொல்பவர்களும் உண்டு. 2013இல் ஐதராபாத்தில் 648 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், இருமொழிக்காரர்களுக்கு நாலரை ஆண்டு பிந்தியே நோய் தொடங்கியிருந்தது. ஆனால் ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில் அந்த நன்மை தென்படவில்லை. நான் அதை நம்பி இருக்கமாட்டேன்.

கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வழி மறப்பது, அலுவலகக் கணக்கில் புதிதாகப் பிழைகள் வருவது, காலையிலும் எந்த மொழியிலும் பேச்சைப் பின்தொடர முடியாமல் போவது: இவற்றில் ஏதேனும் இருந்தால் நரம்பியல் வைத்தியரிடம் செல்லுங்கள். பேச்சு திடீரென்று குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ நேரம் பார்க்காமல் 1990ஐ அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.