மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்த பிறகு தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். என் சித்தி மகன் திடீரென்று நிறுத்திவிட்டு, தலைசுற்றலும் தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வுமாகத் திண்டாடினான்.

கேள்வியைப் பார்த்தால் புதிதாகக் கல்யாணமான ஆண் என்று தோன்றுகிறது. நான் பெண், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. சொந்தக்காரர்கள் இந்தத் தளத்தில் உலாவுவதால் பெயர் போடவில்லை.

எனக்குத் தந்தது எஸ்சிடலோபிராம். அழுகை நின்றது, குக்கர் விசிலுக்குப் பதறுவது நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றுபோனது. ஆசை குறைந்ததைக்கூடச் சமாளிக்கலாம். நெருக்கமாக இருந்தாலும் உச்சம் வரவே வராது. கணவருக்கோ, தன்மேல் எனக்குச் சலிப்பு வந்துவிட்டதோ என்று சந்தேகம். மாத்திரையால் இப்படி ஆகலாம் என்று எங்கள் இருவரிடமும் யாரும் சொல்லவில்லை.

டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதான் குழந்தை இருக்கேம்மா, அப்புறம் என்ன?" என்றார். ஒரு ஆண் போய்ச் சொல்லியிருந்தால் விறைப்புக்கான சில்டெனாஃபில் எழுதித் தந்திருப்பார். டாக்டர்கள் யாரும் கோபிக்க வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை.

அப்புறம் பார்த்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, மாத்திரைக்கு முன்னால் ஆசை இருந்ததா என்பது. மனச்சோர்வே ஆசையைத் தின்றுவிடுமாம். இதை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டுகின்றன. மனசு நிதானமாகும், ஆனால் கிளர்ச்சியும் மந்தமாகும். இதே வகையைச் சேர்ந்த டாபாக்சிட்டினை, விந்து சீக்கிரம் வெளியேறும் ஆண்களுக்கு மருந்தாகவே தருகிறார்கள் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

முதலில் அளவைக் குறைத்தார். பழைய விடியற்காலை பயம் எட்டிப் பார்த்தது. பிறகு, வலிப்பு வந்ததுண்டா என்று விசாரித்துவிட்டு, படிப்படியாக பியூப்ரோபியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மாத்திரைக்கு மாற்றினார். தொடக்கத்தில் தூக்கம் கெட்டது. ஆனால் ஆசை மெல்லத் திரும்பியது. முழுதாக அல்ல, போதுமான அளவு. உங்களுக்கும் இதே மாத்திரைதான் சரி என்று நான் சொல்லவில்லை.

'எல்லாம் கெமிக்கல், அமுக்கராப் பொடி சாப்பிடு' என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: அந்த கெமிக்கல்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் குளிக்க வைத்தது.

சொல்லாமல் விட மனசில்லை, மெடிக்கல் ஷாப்காரர்களே! நாப்கினை மட்டும் கறுப்புக் கவரில் ஒளித்துத் தருகிறீர்கள். என் சீட்டைப் பார்த்ததும் கூட்டத்துக்கு நடுவே, "டிப்ரஷன் மாத்திரை யாருக்குக்கா?" என்று ஏன் கத்த வேண்டும்? இப்போது பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வாங்குகிறேன்.