ஜீப்பை டிரெய்லரில் கட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜிப்ஸியைச் சத்தியமங்கலம் வழியாகக் குடகுக்கு டிரெய்லரில் கொண்டு போகிறேன். சேஸியில் கட்டவா, ஆக்ஸிலில் கட்டவா?

ஆக்ஸிலில், அதாவது இரண்டு பக்கச் சக்கரங்களை இணைக்கும் தண்டில் கட்டுங்கள் தம்பி. சேஸிக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) சக்கரத்துக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. சேஸியைக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்பிரிங் அமுங்கும், பெல்ட் தொய்யும். அந்த ஒரு நொடி போதும், ஹூக் கழன்றுவிடும். ஆக்ஸிலைக் கட்டினால் மேலே பாடி ஆடினாலும் பெல்ட் விறைப்பாகவே நிற்கும். மூலைக்கு ஒன்றாக நாலு ராட்செட் பெல்ட், அதாவது பல் சக்கரத்தால் இறுக்கும் பெல்ட். முன்னவை முன்பக்கம் இழுக்க வேண்டும், பின்னவை பின்பக்கம். பின் இரண்டையும் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட்டால் வண்டி பக்கவாட்டில் நகராது.

பின் ஆக்ஸிலை ஒட்டி ஓடும் பிரேக் பைப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பெல்ட்டைச் சுற்றுங்கள். ஒரு முறை பார்க்காமல் இறுக்கினேன். இறக்கியபோது பைப் நசுங்கி எண்ணெய் கசிந்தது, பிரேக் மிதி தரை வரை போனது.

அப்புறம், கிளம்பி 20 கிலோமீட்டரில் நிறுத்தி நாலு பெல்ட்டையும் பாருங்கள்.

கேள்வி: நைலான் கயிறு போதாதா?

போதாது. நைலான் இழுபடும், முடிச்சுப் போட்ட இடத்தில் பலமும் குறையும். பாலியஸ்டர் பெல்ட் வாங்குங்கள். லேபிளில் அறுபடும் எடையையும் வேலை எடையையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். வேலை எடை, அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் எடை, பெரும்பாலும் அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆக்ஸிலில் கட்டு என்கிறீர்களே, மஹிந்திரா தாரில் முன்னால் நீள ஆக்ஸிலே கிடையாதே?

சரியாகப் பிடித்தீர்கள். நான் சொன்னது ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி இரண்டு பக்கமும் முழு ஆக்ஸில் உள்ள வண்டிக்கு. தாரில் பின்னால்தான் அது உண்டு. முன்னால் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். அதனால் முன் டயர்களுக்கு மேல் வலை மாதிரி வரும் டயர் பெல்ட்டைப் போட்டு டிரெய்லர் தரையோடு இறுக்குங்கள்.

கேள்வி: நான் பத்து வருடமாக முன் டோ ஹூக்கில்தான் (வண்டியை இழுக்கும் கொக்கி) கட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

டோ ஹூக் சேஸியில்தானே இருக்கிறது! முதல் பதிலில் சொன்ன தொய்வு அங்கேயும் வரும். பலம் ஹூக்கில் இருக்கலாம், ஆனால் சிக்கல் பலத்தில் இல்லை, ஸ்பிரிங்கில்.

கேள்வி: ஸ்பிரிங்கை முழுசாக அமுக்கிக் கட்டினால் பெல்ட் தொய்யாதே?

கடைசி வரை அமுக்கினால் தொய்வு குறையும், உண்மை. ஆனால் ஒவ்வொரு குழியின் அடியும் நேராகப் பெல்ட்டுக்கும் டிரெய்லர் கொக்கிக்கும் போகும். டயர் பெல்ட் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

கேள்வி: கயிறு தடிமனாக இருந்தால்?

மேலே சொல்லிவிட்டேன். கயிறு வேண்டாம்.

கேள்வி: ஸ்நாட்ச் பெல்ட் இருக்கிறதே?

அது இழுபடுவதற்கென்றே செய்தது. சேற்றிலிருந்து இழுக்க வையுங்கள்.

கேள்வி: சேற்றுக்காகக் காற்று இறக்கிய டயரோடு ஏற்றலாமா?

காற்றை நிரப்பிவிட்டு ஏற்றுங்கள். சப்பை டயர் நசுங்க நசுங்கப் பெல்ட் தளரும். முதல் கியர், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, மூன்றும் வேண்டும்.

கேள்வி: அறுபதைத் தாண்டினால் டிரெய்லர் வாலாட்டுகிறது.

எடை பின்னால் இருக்கிறது. ஜீப்பை முன்னுக்கு நகர்த்துங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். நகர்த்திக் கட்டினாலும் 20 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள்.

கேள்வி: டிரெய்லருக்குப் பதிவு, இன்சூரன்ஸ்?

ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஜிப்ஸிக்காரன்தான். 20 கிலோமீட்டரில் நிறுத்தினேன். முன் இடது பெல்ட் இரண்டு பல் இறுகியது.

நல்லது தம்பி. மலையடிவாரப் பண்ணாரியில் ஒரு தரம் பாருங்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, ஏறி முடித்ததும் இன்னொரு தரம் பாருங்கள்.