சின்னக் கல்லூரி குவார்ட்டர்பேக்கை என்எஃப்எல் அணிகள் எப்படி எடை போடுகின்றன?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்தான் குவார்ட்டர்பேக்; என்எஃப்எல் அங்குள்ள தொழில்முறை லீக். எதிரணிகள் பலவீனமாக இருந்தால் அவருடைய எண்களை எப்படி நம்புவது என்பதுதானே கேள்வி? எண்களை ஓரமாக வைத்துவிட்டுக் காணொளியைப் பார்ப்பார்கள். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் தன்னந்தனியாக நிற்கும்போது யாரும் எறியலாம். தடுப்பாளர் நெருங்கி வரும்போது, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போகிறதா? முதல் இலக்கு அடைபட்டால் கண் இரண்டாவது ஆளுக்கு நகர்கிறதா? இது எந்த மைதானத்திலும் தெரிந்துவிடும்.

அப்புறம் சீனியர் பவுல், அதாவது கல்லூரி வீரர்கள் என்எஃப்எல் தேர்வாளர்கள் முன் ஆடும் காட்சி ஆட்டம். பெரிய கல்லூரி வீரர்களோடு ஒரு வாரப் பயிற்சி. நார்த் டகோட்டா ஸ்டேட்டின் கார்சன் வென்ட்ஸ் அங்கே ஆடிவிட்டுத்தான் 2016 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில்) 2-வது ஆளாகப் போனார்.

அனுபவக் குறைவுதான் பெரிய பொறி என்பேன். அதே கல்லூரியின் ட்ரே லான்ஸ் 2019-இல் 28 டச்டவுன் (புள்ளி தரும் எறிகள்) வீசினார், எதிரணி பறித்த பந்து, அதாவது இன்டர்செப்ஷன், ஒன்றுகூட இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஆடியது ஒரே ஆட்டம். 2021-இல் அவரை 3-வதாக எடுத்த சான் பிரான்சிஸ்கோ, 2023-இல் டல்லாஸுக்குக் கைமாற்றிவிட்டது. காயமும் ஒரு காரணம், சரி. ஆனாலும் அவ்வளவு குறைவான ஆட்டங்களை நம்பி அத்தனை விலை கொடுத்தது சூதாட்டம்தான்.

மறுபக்கம், பின்னாளில் டல்லாஸின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக்கான, ஈஸ்டர்ன் இல்லினாயின் டோனி ரோமோவை 2003-இல் யாருமே டிராஃப்ட் செய்யவில்லை!