பழங்காசு பதில்கள்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கொடுமணல். ரோமானியக் காசுகள் கொங்கு நாட்டுக்கு வந்த கதையைக் கேட்டே வளர்ந்தவள் நான். இங்கிலாந்து அரசன் ஒருவன் பெயரோடு அரபுத் தங்கக் காசு இருக்கிறது என்கிறான் என் மகன். உண்மையா? நம் தோட்டத்தில் பழங்காசு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, காங்கேயம்

பதில்: உண்மைதான், அம்மணி. அந்தக் காசு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாக்தாத் நகரை நிறுவிய கலீஃபா அல்-மன்சூரின் தினார் என்னும் தங்கக் காசைப் பார்த்து, இங்கிலாந்தில் அன்றிருந்த மெர்சியா நாட்டின் அரசன் ஓஃபா அடித்தது. மூலக் காசின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டைக்கூட (பொ.ஆ. 773–774) விடவில்லை. 'முகம்மது இறைத்தூதர்' என்னும் அரபு வரிகளுக்கு இடையே ஓஃபாவின் பெயர் லத்தீனில் தலைகீழாக நிற்கிறது. அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது. கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல எழுத்தைப் போட்டிருக்கிறார்.

கிறித்தவ அரசன் ஒருவன் அதை ஏன் அடித்தான்? நகை மதிப்பீட்டாளராக வேலை பார்த்த எனக்கு இதில் வியப்பே இல்லை. கலீஃபா அப்துல் மலிக் 696–697இல் வகுத்த தினாரின் எடை சுமார் 4.25 கிராம், அரை பவுனுக்குச் சற்று மேல். எடையும் மாற்றும் குறையாத காசை எந்த ஊர்ச் சந்தையிலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஓஃபாவின் காசு ரோமில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் 365 பொற்காசுகள் அனுப்புவதாகப் போப்பாண்டவருக்கு ஓஃபா வாக்களித்திருந்தான். அந்தக் காணிக்கையில் ஒன்றா, வணிகத்துக்காக அடித்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எந்த மண்ணில், எதோடு கிடந்தது என்று அன்றைக்கே ஒருவர் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

2015இல் இஸ்ரேலின் செசாரியா கடலடியில் முக்குளிப்பவர்கள் சிலர் தங்கக் காசுகளைக் கண்டார்கள். மேலே வந்ததும் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டார்கள். துறையினர் இறங்கித் தேடியதில் ஏறத்தாழ 2,000 காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை எகிப்தை ஆண்ட ஃபாத்திமிக் கலீஃபாக்களான அல்-ஹாகிம், அல்-ஸாஹிர் காலத்தவை. அவற்றிலும் பழையது சிசிலித் தீவின் பலெர்மோவில் அடித்தது. சில காசுகளில் பல் தடங்கள்! உரைகல் கையில் இல்லாத வியாபாரி கடித்தே சோதித்திருக்கிறார். கண்டவர்கள் பேசாமல் உருக்க விட்டிருந்தால் அந்தப் பல் தடமும் போயிருக்கும், பலெர்மோவும் போயிருக்கும்.

உங்கள் தோட்டத்தில் காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கலயத்தில் இருந்தால் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் எடுத்து வையுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவித்தாக வேண்டும். அதுவரை எந்த நகைக்கடைப் படியும் ஏற வேண்டாம்.